கொல்லிமலையில் மருந்தும் வேதமும்: தூண்டில் என்று சொல்லிவிடலாமா?

கேள்வி (ஜூன் 4)

மலைக்கிராமங்களுக்குப் போன மிஷனரிகள் எல்லோரும் மருந்தைத் தூண்டிலாகத்தான் கொண்டுபோனார்கள். நோயில் கிடப்பவனிடம் மதம் பேசுவது எளிது. கொல்லிமலையில் ஊழியம் செய்த ஆங்கிலேய மிஷனரிகளான ஜெஸ்ஸி, ஈவ்லின் பிராண்டு தம்பதியரை இன்றும் பலர் போற்றி எழுதுகிறார்கள். அவர்களும் இதே வகைதானே? மறுக்க முடிந்தவர்கள் ஆதாரத்தோடு மறுக்கலாம்.

ஜூன் 4, இரவு

நான் கொல்லிமலையின் அடிவாரத்தில் சேந்தமங்கலத்தில் பிறந்தவன். 1980களில் மலைமேல் பள்ளி ஆசிரியராக இருந்தேன். நான் கிறிஸ்தவன் அல்லன். என் குடும்பத்தில் எவரும் அந்த மிஷனோடு தொடர்புடையவரும் அல்லர். எந்தப் பக்கத்தில் நின்று எழுதுகிறேன் என்ற சந்தேகம் வேண்டாம் என்பதற்காகவே இதை முதலில் சொல்கிறேன்.

தூண்டில் என்றால் மீன் சிக்கியிருக்க வேண்டும். ஜெஸ்ஸி பிராண்டு இந்தியாவுக்கு வந்தது 1907இல். ஈவ்லினை மணந்து இருவரும் கொல்லிமலையில் வாழவந்தியில் குடியேறியது 1913இல். மருந்து கொடுத்தார்கள், கட்டிகளைக் கீறிச் சீழ் எடுத்தார்கள், பல் பிடுங்கினார்கள், நரம்புச் சிலந்தியை உருவினார்கள். ஜனங்கள் வந்தார்கள், குணமானார்கள், நன்றியோடு வீட்டுக்குத் திரும்பினார்கள். ஆண்டுகள் பல கடந்தும் ஞானஸ்நானம் பெற முன்வந்தவர் எவரும் இல்லை. 1918–19ஆம் ஆண்டுகளின் விஷக்காய்ச்சல் (இன்புளூயன்சா) வரும்வரை நிலைமை அதுதான். அதற்காக மருந்துப் பெட்டியை மூடிவிட்டு அவர்கள் சமவெளிக்கு இறங்கிவிடவில்லை. பலன் கிடைக்காத இடத்தில் வியாபாரி கடையை எடுத்துவிடுவான். இவர்கள் எடுக்கவில்லை. உங்கள் வாதம் இடிக்கிற முதல் இடம் இது.

ஜூன் 5

மேலே எழுதியது சுருக்கமாகிவிட்டது. நரம்புச் சிலந்தி என்றால் என்னவென்று இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள். அந்த நோயை இன்றைய தலைமுறை பார்த்ததில்லை, பார்க்கவும் வேண்டாம். 2000ஆம் ஆண்டு பிப்ரவரியில் இந்தியா அந்த நோயற்ற நாடு என்று சான்று பெற்றது.

படிக்கட்டு இறங்கி நீர் மொள்ளும் கிணறுகளிலும் குட்டைகளிலும் கண்ணுக்கு எளிதில் தெரியாத நீர்த்தெள்ளுகள் உண்டு. அவற்றின் வயிற்றில் புழுவின் குஞ்சு இருக்கும். அந்த நீரைக் குடித்தவனுக்கு உடனே ஒன்றும் தெரியாது. ஏறக்குறைய ஓர் ஆண்டு கழித்து, பெரும்பாலும் கணுக்காலுக்கு அருகில், தீப்பட்டதுபோல் ஒரு கொப்புளம் எழும்பி உடையும். உள்ளிருந்து வெள்ளை நூல்போன்ற புழுவின் தலை எட்டிப்பார்க்கும். அதன் நீளம் இரண்டு முழம்கூட இருக்கலாம். வெடுக்கென்று இழுத்தால் அறுந்துபோகும். அறுந்தால் உள்ளே அழுகிச் சீழ் பிடித்துக் கால் முடங்கும், ஆளே போவதும் உண்டு. ஆகவே ஒரு சிறு குச்சியில் தலையைச் சுற்றி, நாளுக்குச் சில விரற்கடை மட்டும் உருட்டி உருட்டி, வாரக்கணக்கில் வெளியே எடுக்க வேண்டும். எரிச்சல் தாங்காமல் நோயாளி காலைத் தண்ணீரில் வைத்தால் புழு தன் குஞ்சுகளை அங்கே கொட்டும். அதே கிணற்று நீரை ஊரே குடிக்கும்.

என் பள்ளிக்கு அருகில் ஒரு முதியவர் இருந்தார். மாலை வேளையில் பள்ளித் திண்ணையில் வந்து உட்காருவார். அவருடைய இடது கணுக்காலில் வரிசையாக நான்கைந்து தழும்புகள் இருந்தன. தோல் சுருங்கி, காசு அளவில், ஒவ்வொன்றும் சற்றுப் பளபளப்பாக இருக்கும். சிறுவனாக இருந்தபோது தன் தகப்பன் தன்னை முதுகில் தூக்கிக்கொண்டு வாழவந்திக்குப் போனதையும், துரை தினமும் குச்சியைத் திருப்பியதையும், திருப்புகிறபோது வலி தெரியாமலிருக்கத் தன்னிடம் வீட்டில் இருக்கிற மாடுகளின் பெயர்களை ஒவ்வொன்றாகக் கேட்டதையும் அவர் சொல்லுவார். அவர் கடைசிவரை மலைமக்களின் சாமியான கரைராமன் கோயிலுக்குக் காணிக்கை போட்டவர். யாரும் அவரை மதம் மாறச் சொன்னதாக அவர் நினைவில் இல்லை. ஒரே ஒரு முதியவரின் நினைவு மலை முழுவதற்கும் சாட்சி ஆகாது என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் ஒருவரின் காலில் இருந்த தழும்பை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

ஜூன் 5, மாலை

ஒரு நண்பர் பிராண்டை மருத்துவர் என்று எழுதியிருக்கிறார். ஜெஸ்ஸி பிராண்டு மருத்துவப் பட்டம் பெற்றவர் அல்லர். இங்கிலாந்தின் கில்ஃபோர்டைச் சேர்ந்த அவர் கட்டடத் தொழில் தெரிந்தவர். ஊழியத்துக்குப் புறப்படுவோருக்காக லண்டனில் லிவிங்ஸ்டன் கல்லூரி நடத்திய ஓராண்டு மருத்துவப் பயிற்சியை மட்டும் பெற்று வந்தவர். மருத்துவர் என்று உலகம் அறிந்தது அவருடைய மகன் பால் பிராண்டை. அவர் வேலூரில் பிறந்தவர் என்று இன்னொருவர் எழுதியதும் சரியன்று. 1914ஆம் ஆண்டு ஜூலையில் கொல்லிமலையில் பிறந்தவர் அவர். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு அறுவைச் சிகிச்சை மருத்துவராக வந்தது 1946இல்.

ஜூன் 6

பதில் கேள்வி வந்திருக்கிறது. "அப்படியானால் முதலில் மாறியவர் எப்படி மாறினார்? அதையும் சொல்லுங்கள்" என்று கேட்டிருக்கிறார் கேள்வியைத் தொடங்கிய நண்பர். நியாயமான கேள்வி, நான் தவிர்க்கப் போவதில்லை.

மலையில் பிராண்டு தம்பதியரைக் கடுமையாக எதிர்த்தவர் ஒரு பூசாரி. 1918–19இல் உலகத்தையே உலுக்கிய இன்புளூயன்சா இந்தியாவில் மட்டும் ஒரு கோடிக்கு மேற்பட்டவர்களைக் கொண்டுபோனது. அது மலைக்கும் ஏறியது. நோய்கண்ட வீட்டுக்குள் சொந்தபந்தமே நுழைய அஞ்சிய காலம். பிராண்டும் மனைவியும் கஞ்சி காய்ச்சி எடுத்துக்கொண்டு குடிசை குடிசையாகப் போனார்கள். பூசாரியும் அவர் மனைவியும் படுத்தார்கள். சாகும் தறுவாயில் அவர் தம் கைக்குழந்தையை வளர்க்கும்படி பிராண்டிடம் ஒப்படைத்தார். எதிரியாக இருந்தவர் தம் பிள்ளையை நம்பி ஒப்படைத்தார் என்ற செய்தி மலை முழுவதும் பரவியது. அதன்பிறகே ஒவ்வொருவராக விசுவாசத்துக்கு வந்தார்கள்.

இதில் மருந்து எங்கே தூண்டிலானது? இன்புளூயன்சாவுக்கு அன்று மருந்தே கிடையாது. கொடுக்க முடிந்தது கஞ்சியும் தண்ணீரும் ஆள்துணையும்தான்.

ஜூன் 6, நள்ளிரவு

தூக்கம் வரவில்லை. பகலில் எழுதியதையே யோசித்துக்கொண்டிருந்தேன்.

அந்தக் குழந்தையைப் பற்றி நான் எழுதிய விதம் மிகவும் எளிதாக இருக்கிறது. தகப்பன் விரும்பிக் கொடுத்தார், சரி. ஆனால் கொடுக்காமல் வைத்துக்கொள்ள அவருக்கு வேறு வழி இருந்ததா? ஓர் அரசு மருத்துவமனையோ, அநாதை இல்லமோ, தாசில்தார் அனுப்பிய கஞ்சித்தொட்டியோ அந்த மலையில் இருந்திருந்தால், அவர் பிராண்டிடம்தான் கொடுத்திருப்பாரா? தெரிவு என்ற சொல்லுக்கு இரண்டு வழியாவது இருக்க வேண்டும். அங்கே ஒரு வழிதான் திறந்திருந்தது.

இந்தக் குறை பிராண்டைச் சேராது என்பதுதான் என் எண்ணம். நிலத்தீர்வைக்கும் காட்டு இலாகாவின் கட்டுப்பாடுகளுக்கும் மலைமேல் ஆள் அனுப்பத் தெரிந்த அரசாங்கத்துக்கு மலைக்காய்ச்சலுக்கான கொயினா மாத்திரை அனுப்பத் தெரியவில்லை. அடிவாரத்து வட்டிக்காரர்களும் வியாபாரிகளும் கடுக்காயும் தேனும் வாங்க மலை ஏறினார்கள். பிரசவ வலியில் கிடப்பவளைப் பார்க்க எவரும் ஏறவில்லை. என் ஊரும் அந்த அடிவாரத்தில்தான் இருக்கிறது. மலைக்காய்ச்சல் வரும் என்று பயந்து எங்கள் முன்னோர் அங்கே இரவு தங்குவதில்லை என்பதைப் பெருமையாகவே சொல்லிக்கொள்வார்கள். தங்கியவர்களைக் குற்றம் சொல்லும் முன் தங்காதவர்கள் தங்கள் கணக்கைப் பார்க்க வேண்டும்.

ஜூன் 7

"அந்த மலை என்ன இமயமலையா? சேலத்திலிருந்து இரண்டு மணி நேரம்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார்.

இன்று அப்படித்தான். காரவள்ளியில் ஏறத் தொடங்கினால் 70 கொண்டை ஊசி வளைவுகள். சோளக்காட்டுச் சந்தையில் இறங்கி, பலாப்பழம் வாங்கிக்கொண்டு மாலைக்குள் வீடு திரும்பிவிடலாம். 1913இல் இந்தப் பாதை கிடையாது. சுமார் 1,000 முதல் 1,300 மீட்டர் உயரத்துக்கு ஒற்றையடிப் பாதையில் நடந்தே ஏற வேண்டும். முடியாதவர்களை டோலியில் வைத்து ஆட்கள் தூக்குவார்கள். திருமணம் முடிந்த கையோடு ஈவ்லின் மலையேறியது டோலியில்தான், கொட்டும் மழையில். லண்டனில் வசதியான வீட்டில் வளர்ந்து ஓவியம் பயின்ற பெண் அவர்.

வாழவந்தியில் அவர்கள் குடியிருந்தது மர வீடு. பலகைகளை முன்பே அறுத்துத் தயார் செய்து, ஆள் தலையில் ஏற்றி மேலே கொண்டுபோய்ப் பூட்டினார்கள். தரையில் வைத்தால் கறையான் அரித்துவிடும் என்று வீட்டைத் தூண்களின்மேல் நிறுத்தி, ஒவ்வொரு தூணின் உச்சியிலும் கவிழ்த்த வாணலி போன்ற ஒரு தகட்டைப் பொருத்தியிருந்தார்கள். தூணில் ஏறும் கறையான் அந்த விளிம்பைத் தாண்டி மேலே போக முடியாது. கட்டட வேலை தெரிந்தவன் மூளை அது. மருந்தைவிட அவருடைய கைத்தொழில்தான் மலையில் ஆழமாக வேர்பிடித்தது என்று எனக்குத் தோன்றுகிறது. தச்சு, நெசவு, ஓடு போடுதல், பட்டுப்புழு வளர்த்தல், ஆரஞ்சு நடுதல் என்று கைக்கு எட்டியதையெல்லாம் கற்றுக்கொடுத்தார். மருந்து ஒரு காய்ச்சலோடு தீர்ந்துவிடும். உளி பிடிக்கக் கற்றவன் தன் மகனுக்கும் சொல்லிக்கொடுப்பான்.

ஜூன் 7, பிற்பகல்

கேட்பதற்கு முன்பே சொல்லிவிடுகிறேன். மேலே "ஆள் தலையில் ஏற்றி" என்று ஒரு வரியில் முடித்துவிட்டேன். அந்த ஆட்கள் யார்? பெயர் தெரியாது. டோலி தூக்கியவர் பெயர் தெரியாது. துரைக்குத் தமிழ் கற்றுக்கொடுத்தவர், நாட்டுக்கு நாடு (சில ஊர்கள் சேர்ந்த தொகுதியை மலையில் நாடு என்பார்கள்) முன்னே போய் ஊர்த்தலைவரான கவுண்டரிடம் பேசி உத்தரவு வாங்கியவர், மழைக்காலத்தில் பள்ளியை மூடாமல் நடத்திய உபதேசியார் (சபையின் உள்ளூர்ப் போதகர்), அவருடைய மனைவி, இவர்களில் ஒருவர் பெயரும் பொதுவில் பேசப்படுவதில்லை. துரையும் துரைசாணியும் தனியாக ஒரு மலையைத் தூக்கி நிறுத்தியதுபோல் எழுதுகிற பக்திக் கட்டுரைகள் எனக்கு உவப்பானவை அல்ல. கேள்வி கேட்ட நண்பருக்கும் அந்த எழுத்துகள்தான் கோபமூட்டியிருக்கும் என்று நினைக்கிறேன். அந்தக் கோபத்தில் நானும் பங்குகொள்கிறேன்.

அதே கட்டுரைகளில் இன்னொன்றும் உண்டு. மலை மக்கள் இருளிலும் பேய்ப்பயத்திலும் கிடந்தார்கள் என்று தொடங்குவது. காணிக்கை திரட்ட அன்றைய சீமைப் பத்திரிகைகளுக்கு அப்படிப்பட்ட சித்திரம் தேவைப்பட்டது. வல்வில் ஓரி ஆண்ட மலை அது. அறப்பளீஸ்வரரை நாடி ஆடிப் பதினெட்டுக்குச் சமவெளியிலிருந்து ஆயிரக்கணக்கானோர் ஏறும் மலை. சாமையும் தினையும் கேழ்வரகும் விதைத்து, மழை எப்போது பெய்யும் என்பதைக் காற்றில் கண்டு சொன்னவர்கள் அந்த மலையாளிகள். (கேரளத்தார் என்று எவரும் எண்ண வேண்டாம். காஞ்சிபுரத்திலிருந்து வந்தவர்கள் தாங்கள் என்று தங்கள் வரலாறு சொல்லும் தமிழ்ப் பழங்குடியினர்.) அவர்களிடம் வறுமை இருந்தது, நோய் இருந்தது. அறியாமை என்று மொத்தமாக முத்திரை குத்த எவருக்கும் உரிமை இல்லை.

ஜூன் 9

மேலே சொன்னதற்குப் பால் பிராண்டே ஒரு சாட்சி. தாம் வளர்ந்த மலையில் சிறுவர்கள் சேர்ந்து நெல்வயலில் தவளை பிடித்துச் சேற்றைக் கலக்கிய ஒரு நாளை அவர் பின்னாளில் எழுதியிருக்கிறார். வயலைக் காக்கும் தாத்தா வந்தார். அடிக்கப் போகிறார் என்று பிள்ளைகள் பயந்தார்கள். அவர் அவர்களை வாய்க்கால் மடைக்கு அழைத்துப்போய், கலங்கி ஓடுகிற நீரைக் காட்டி, அந்தச் சேற்றில் ஒரு கை அள்ளி, இது தலைமுறை தலைமுறையாகச் சோறு போட்ட மண், கீழே போனால் திரும்பி வராது என்று விளக்கினார். தொழுநோயாளிகளின் மடங்கிய விரல்களை நிமிர்த்தும் அறுவைச் சிகிச்சையில் உலகப் பெயர் பெற்ற மருத்துவர், எத்தனையோ ஆண்டுகள் கழித்தும் அந்தத் தாத்தாவை ஆசிரியராக வைத்து எழுதினார். மலைக்குக் கொடுக்கப் போனவர்கள் மலையிடம் வாங்கியும் வந்தார்கள்.

தொழுநோய் பற்றிய அவருடைய முதல் நினைவும் மலைவீட்டில்தான். நோய் முற்றிய மூன்று பேர் வாசலுக்கு வந்தார்கள். தகப்பன் பிள்ளைகளை உள்ளே போகச் சொல்லிவிட்டுக் கையுறை மாட்டிக்கொண்டு அவர்களுடைய புண்களைக் கழுவிக் கட்டினார். எவரிடமும் அஞ்சாத தகப்பன் அன்றைக்குக் கையுறை இல்லாமல் தொடத் தயங்கியது அந்தச் சிறுவனின் மனத்தில் பதிந்துவிட்டது.

ஜூன் 10

"மிசோரத்தைப் பாருங்கள், மருந்தும் பள்ளியும் கொடுத்து ஒரு சமூகத்தையே மாற்றிவிட்டார்கள்" என்று ஒரு புதிய பதில் வந்திருக்கிறது.

அந்த ஒப்பீடு கேள்வி கேட்டவரின் கட்சிக்கு உதவாது. லொரெய்ன், சாவிட்ஜ் என்ற மிஷனரிகள் இருவரும் இன்று மிசோரம் எனப்படும் லுஷாய் மலைக்குப் போனது 1894இல். அவர்கள் அந்த மொழிக்கு எழுத்து அமைத்துக் கொடுத்தார்கள். 2011 கணக்கெடுப்பில் அங்கே 87 விழுக்காட்டினர் கிறிஸ்தவர்கள். கொல்லிமலையில் அதே மருந்து, அதே பள்ளி, அதே தியாகம். இருந்தும் நூறாண்டு கழித்து மலையின் மிகப் பெரும்பாலோர் தங்கள் குலதெய்வத்தையும் அறப்பளீஸ்வரரையும் கும்பிடுகிறார்கள். மருந்து மதம் மாற்றும் கருவியாக இருந்தால் இரண்டு மலைகளிலும் ஒரே விளைவு வந்திருக்க வேண்டும்.

வேறுபாட்டுக்கு என் மனத்தில் படுகிற காரணம் இது. லுஷாய் மலை அப்போதுதான் பிரிட்டிஷ் படையெடுப்பால் தன் தலைவர்களின் அதிகாரம் தளர்ந்து நின்றது. கொல்லிமலையில் ஒவ்வொரு நாட்டுக்கும் தனித்தனிக் கவுண்டர், பஞ்சாயத்து, திருவிழா முறை என்று ஓர் ஒழுங்கு அசையாமல் இருந்தது. பேசும் மொழியும் கும்பிடும் சாமியும் சமவெளியோடு பின்னியிருந்தன. ஒருவன் மாறினால் அவனுடைய பெண்ணுக்கு மாப்பிள்ளை கிடைக்காது, சாவு வீட்டில் தோள் கொடுக்க ஆள் வராது. மாறியவர்கள் அந்த விலையைக் கொடுத்துத்தான் மாறினார்கள். இலவச மாத்திரைக்காக எவரும் அவ்வளவு பெரிய விலையைக் கொடுக்கமாட்டார்கள்.

ஜூன் 10, இரவு

சட்டம் பற்றிக் கேட்டவருக்கு மட்டும்: மலையாளிகள் பட்டியல் பழங்குடியினர். பட்டியல் சாதியினருக்கு 1950ஆம் ஆண்டு ஆணையில் இருக்கும் மத நிபந்தனை பழங்குடியினருக்கு இல்லை. மதம் மாறினாலும் அந்தத் தகுதி போகாது. ஆகவே மாறியதால் சலுகை கூடியது என்பதும் இல்லை, சட்டப்படி இழந்தது என்பதும் இல்லை.

ஜூன் 12

கேள்வி கேட்ட நண்பரின் இன்றைய பதில் நீளமானது. அதன் மையம் இதுதான்: "பிராண்டு நல்லவராக இருக்கலாம். இன்றைக்கு நடப்பது என்ன?"

இன்றைக்கு நடப்பதுபோன்ற ஒன்றை நான் ஆசிரியராக இருந்தபோதே நேரில் பார்த்தேன். ஒரு மார்கழியில் சமவெளியிலிருந்து ஒரு குழுவினர் வேனில் வந்தார்கள். எந்தக் குழு என்று எழுதப் போவதில்லை. மலையில் குளிர் கடுமையாக இருக்கும் மாதம். கம்பளி கொண்டுவந்திருந்தார்கள். முதலில் எல்லோரையும் மைதானத்தில் உட்காரவைத்து ஒன்றரை மணி நேரம் ஜெபக்கூட்டம் நடத்தினார்கள். பிறகு பெயர் எழுதிக்கொண்டார்கள். ஒவ்வொருவராகக் கூப்பிட்டு, கம்பளியைக் கையில் கொடுத்தபடியே நிறுத்திப் படம் எடுத்தார்கள். என் வகுப்பில் படித்த ஒரு சிறுமி குளிரில் நடுங்கிக்கொண்டு வரிசையில் நின்றாள். அவளுடைய பாட்டி கூட்டத்தில் உட்காரவில்லை என்பதால் அவர்கள் வீட்டுப் பெயர் பட்டியலில் இல்லை. அந்தப் பிள்ளை வெறுங்கையோடு திரும்பினாள். இருட்டுவதற்குள் வேன் கீழே இறங்கிவிட்டது.

அன்று எனக்கு வந்த கோபம் இன்னும் ஆறவில்லை. நண்பர் தூண்டில் என்று சொல்வது இதை என்றால் அந்தச் சொல்லை நானும் கடன் வாங்கிக்கொள்கிறேன். ஆனால் இதை வைத்து 1913ஐ அளக்கக் கூடாது என்றுதான் முதல் நாளிலிருந்து சொல்லிவருகிறேன். கொடுப்பதற்கு முன் நிபந்தனை வைக்கப்பட்டதா, மறுத்தவனுக்கும் கிடைத்ததா என்ற ஒரே கேள்வியை இரண்டு இடத்திலும் கேட்டுப்பாருங்கள். மாட்டின் பெயர் சொல்லிக்கொண்டே புழு எடுக்கப்பட்ட அந்த முதியவர் கூட்டத்தில் உட்கார்ந்ததாகச் சொல்லவில்லை.

ஜூன் 13

நேற்று எழுதியதற்கு இரு தரப்பிலும் கண்டனம் வந்திருக்கிறது. ஒரு கிறிஸ்தவ நண்பர், கம்பளி கொடுத்தவர்கள் மனத்தில் அன்பு இல்லை என்று எப்படித் தெரியும் என்று கேட்கிறார். மனத்தைப் பற்றி நான் பேசவில்லை. வரிசையைப் பற்றிப் பேசுகிறேன்.

இன்னொருவர், பிராண்டும் பிரசங்கம் செய்யத்தானே மலைக்குப் போனார், அதை ஏன் மறைக்கிறீர்கள் என்கிறார். மறைக்கவே இல்லை. பிரசங்கம் செய்யத்தான் போனார். அதை அவரும் ஒருநாளும் மறைத்தவர் அல்லர். வேதம் சொல்லவே வந்தேன் என்று வெளிப்படையாகச் சொல்லிவிட்டு, கேட்காதவனின் புண்ணையும் கழுவிய ஒருவரோடு எனக்குச் சண்டை இல்லை. அவருடைய வேதத்தை நான் ஏற்கவில்லை, மலையின் பெரும்பாலோரும் ஏற்கவில்லை, அதற்காக அவர் கதவை அடைக்கவில்லை.

ஜூன் 15

ஈவ்லினைப் பற்றி இந்த இழையில் போதிய அளவு எழுதவில்லை என்று ஓர் அம்மையார் சொல்லியிருக்கிறார். அவர் சொல்வது நியாயம். ஜெஸ்ஸியைவிட நீண்ட கதை ஈவ்லினுடையது.

1923இல் பிள்ளைகள் இருவரையும் படிப்புக்காக இங்கிலாந்துக்குக் கூட்டிப்போய் அங்கே விட்டுவிட்டு, கணவனும் மனைவியும் பிறகு மலைக்குத் திரும்பினார்கள். பாலுக்கு ஒன்பது வயது, தங்கை அவனைவிடச் சிறியவள். 1929ஆம் ஆண்டு ஜூனில் ஜெஸ்ஸி மலேரியா முற்றி வரும் கருநீர்க் காய்ச்சலில் இறந்தார். வயது 44. மரணச் செய்தி தந்தியில் முதலிலேயே போய்விட்டது. அவர் முன்பே எழுதிக் கப்பலில் அனுப்பிய கடிதங்களோ, பிறகும் வாரக்கணக்கில் மகன் கைக்கு வந்துகொண்டே இருந்தன. பதினான்கு வயதுப் பிள்ளை, செத்துப்போன தகப்பனின் கடிதங்களை ஒவ்வொன்றாகப் பிரித்துப் படித்திருக்கிறான். மலைமக்களுக்காகக் கொடுத்த விலையில் பிள்ளைகளின் பங்கையும் சேர்த்துத்தான் கணக்கிட வேண்டும். அந்தப் பங்கைக் கொடுக்கச் சொல்லி எவரும் பிள்ளைகளிடம் கேட்கவில்லை. எனக்கு இந்த இடத்தில் பிராண்டு தம்பதியர்மேல் வருத்தம் உண்டு.

ஈவ்லினை மிஷன் பிறகு சமவெளிப் பணிகளுக்கு அனுப்பியது. 1947இல், எழுபதை நெருங்கும் வயதில், ஓய்வு பெறும்படி சொன்னார்கள். அவர் மிஷனை விட்டு விலகிக்கொண்டு தனியாக மலைக்குத் திரும்பினார். கொல்லிமலை, பச்சைமலை, கல்வராயன், சித்தேரி, பெரியமலை என்று ஐந்து மலைகளுக்கும் ஊழியத்தைக் கொண்டுபோக வேண்டும் என்பது கணவனும் மனைவியும் இளமையில் கண்ட கனவு. மட்டக்குதிரையில் ஏறி ஊர் ஊராகப் போனார். விழுந்து எலும்பு முறிந்தது, நடை தளர்ந்தது, இரண்டு மூங்கில் கழிகளை ஊன்றிக்கொண்டு நடந்தார். முதுமையில் தம் வீட்டில் கண்ணாடியே வைத்துக்கொள்ளவில்லை என்று மகன் எழுதியிருக்கிறார். 1974இல் 95 வயதில் காலமானார். வாழவந்தியில் கணவரின் கல்லறைக்குப் பக்கத்தில் அடக்கம் செய்தார்கள்.

நான் மலைக்கு வேலைக்குப் போனபோது அவரை நேரில் பார்த்தவர்கள் நிறையப் பேர் இருந்தார்கள். சர்ச்சுக்குப் போகாதவர்களும் "பாட்டி" என்றுதான் சொன்னார்கள். பாட்டி திட்டுவாளாம், மருந்து சாப்பிடாவிட்டால் கழியை ஓங்குவாளாம். ஒரு பெண்மணி தன் தலைப்பிரசவத்தன்று பாட்டி இரவு முழுவதும் திண்ணையில் உட்கார்ந்திருந்ததைச் சொல்லும்போது கண் கலங்கினார். அவர் நெற்றியில் திருநீறு இருந்தது.

ஜூன் 18

கேள்வி கேட்ட நண்பர் ஆடி மாதம் மலைக்குப் போகப் போவதாகவும், எங்கே யாரைப் பார்க்கலாம் என்றும் கேட்டிருக்கிறார். மகிழ்ச்சி. ஆடிப் பதினெட்டையும் ஓரி விழாவையும் ஒட்டிய நாட்களில் போக வேண்டாம். கூட்டத்தில் எவரும் நின்று பேசமாட்டார்கள். அறுவடை முடிந்த தை, மாசியில் போங்கள். நாமக்கல்லிலிருந்தும் சேலத்திலிருந்தும் பேருந்து உண்டு. செம்மேட்டில் இறங்கினால் வாழவந்திக்குப் போகும் வழியை எவரும் சொல்வார்கள்.

கல்லறைகளைப் பார்ப்பதோடு நிறுத்திக்கொள்ளாதீர்கள். சாமை விளைந்த மேட்டு நிலங்களில் இன்று ஜவ்வரிசி ஆலைகளுக்குப் போகும் மரவள்ளி நிற்பதையும் பாருங்கள். மலையின் வறுமை எந்தெந்த வடிவத்தில் தொடர்கிறது என்பது அங்கே புரியும். வயதானவர்களிடம் துரையைப் பற்றிக் கேட்காமல், துரையோடு இருந்த நம்மவர்களைப் பற்றிக் கேளுங்கள். எந்த ஊரில் எந்த உபதேசியார் பள்ளி நடத்தினார், டோலி தூக்கியவர்கள் எந்த வளவுக்காரர்கள் (வளவு என்பது சிறு குடியிருப்பு), தச்சுக் கற்றவர்களின் பேரன்கள் யார் என்று கேட்டு, பெயரை எழுதிக்கொண்டு வாருங்கள். நினைவு வைத்திருப்பவர்கள் எண்பதைத் தாண்டியவர்கள். எழுதிக்கொண்டு வந்தால் இந்த இழையிலேயே போடுங்கள். என்னிடம் இருக்கும் பழைய பள்ளிக் குறிப்பேட்டில் உள்ள சில பெயர்களோடு ஒப்பிட்டுப் பார்க்கிறேன்.